திகதி முத்திரை

நோர்வேயில் எனக்குக் கிடைத்த முதல் வேலை மீன் பெட்டிக்குத் திகதி அடிக்கிற வேலை. 1990 ஆம் ஆண்டு, எனக்கு 22 வயது. நாட்டின் வடகிழக்கு மூலையில், வாரங்கர் குடாநாட்டில் ஒரு மீன்பிடி ஊர். பெயரை எழுதவில்லை. இரண்டாயிரம் பேர் இருக்கிற இடத்தில் ஊரைச் சொன்னால் ஆளையும் சொன்ன மாதிரி. முள் எடுத்த தோர்ஸ்க் மீன் துண்டுகள் மட்டைப் பெட்டிக்குள் போகும், நான் ரப்பர் முத்திரையை மையில் அமத்தி ஒவ்வொன்றாகக் குத்துவேன். மூன்று மாதத்தில் கத்தி பிடிக்கப் பழகிவிட்டேன். பிறகு முள் எடுக்கிற மேசை, ஏழு வருடம்.

2020 வசந்தத்தில் அரசாங்கம் ஒரு கல்விச் சீர்திருத்தத்தைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தது. பெயர், 'வாழ்நாள் முழுக்கப் படித்தல்'. அதற்கு ஒரு சுலோகமும் இருந்தது: 'ஒருவரும் காலாவதியாகக் கூடாது'. பால் பெட்டியிலும் மீன் பெட்டியிலும் அடிக்கிற திகதிக்கு இங்கே என்ன சொல்லோ, அதே சொல். அந்த நேரம் நான் தாதியப் பட்டப்படிப்பின் முதலாம் வருடத்தில் இருந்தேன். 52 வயது. குசினி மேசையில் சிறுநீரகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு செய்தி கேட்டவள், தனியே இருந்து சிரித்தேன்.

ஒஸ்லோவில் முதியோர் இல்லங்களில் வேலை செய்கிற எங்கட பெண்கள் சிலர் அடிக்கடி தொலைபேசியில் கேட்கிறார்கள். அக்கா, எப்படி அந்த வயதில் படித்தீர்கள், எங்களாலும் முடியுமா என்று. ஒவ்வொருவருக்கும் ஒரு மணித்தியாலம் கதைக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். ஆனால் கதை என்னோடு தொடங்கவில்லை, என் மனுசனோடு தொடங்குகிறது.

அவர் 1986 இல் வந்தவர். வந்தது படிக்க. அதாவது விசாவில் அப்படி இருந்தது. இங்கே 'ஃபோல்க்கெ ஹொய்ஸ்கூலெ' என்று ஒரு வகைப் பள்ளிக்கூடம் உண்டு, மக்கள் உயர்பள்ளி என்று சொல்லலாம். டென்மார்க்கின் குருண்ட்விக் என்ற பாதிரியாரின் யோசனை. 1844 இல் அங்கே முதல் பள்ளி. நோர்வேயில் முதலாவது 1864 இல், ஹாமார் நகரில். பரீட்சை இல்லை, புள்ளி இல்லை. ஒரு வருடம் விடுதியில் தங்கிப் பாடலாம், நெசவு நெய்யலாம், பனிச்சறுக்கலாம், உலகத்தைப் பற்றி விவாதிக்கலாம். விவசாயியின் பிள்ளையும் தலை நிமிர்ந்து கதைக்கப் பழக வேண்டும் என்பதுதான் நோக்கம். எண்பதுகளில் யாழ்ப்பாணத்துப் பெடியளுக்கு அதே பள்ளிக்கூடம் உயிர் தப்புகிற வழியானது. அனுமதிக் கடிதம் ஒன்று கிடைத்தால் மாணவர் விசா. அதற்கு முப்பது வருடம் முந்தி, 1956 இல் இங்கே வந்து மீன்பிடி படித்த அந்தோனி ராஜேந்திரம் 1967 இல் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். காரைநகரில் படகு கட்டுகிற இடமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் வந்தது அதனால். நோர்வே என்ற பெயர் எங்கட பக்கத்தில் முதலில் பரவியது அந்தப் படகுகளோடு.

மனுசன் அந்த வருடத்தில் படித்தது மூன்று பாட்டு, ஒரு துவாய் நெசவு, விழாமல் பனிச்சறுக்க அரைகுறை. பிறகு நேரே மீன் தொழிற்சாலை. அதோடு அவர் படிப்பு முடிந்தது என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

என் படிப்பு முடிந்தது 1987 ஒக்டோபரில். ஏ.எல். என்கிற உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படித்துக்கொண்டிருந்தேன். இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கி, கொப்பிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு கோயிலில் போய் இருந்தோம். திரும்பி வந்தபோது சாக்கு இருந்தது, படிக்கிற மனம் இல்லை. பரீட்சை எழுதவில்லை. நான் டொக்டராக வருவேன் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

1997 இல் ஊரில் உள்ள முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலைக்குப் போனேன். சம்பளம் மீன் வேலையை விடக் குறைவு, ஆனால் கை விறைக்காது. ஒரு நாள் ஆள் இல்லை என்று ஒரு கிழவருக்குச் சாப்பாடு ஊட்டச் சொன்னார்கள். அடுத்த மாதம் உதவியாளர் சீருடை தந்தார்கள். இந்த நாட்டில் படிக்காமலே தொழில் சான்றிதழ் எடுக்க ஒரு வழி உண்டு. ஒரு தொழிலை ஐந்து வருடம் முழு நேரமாகச் செய்திருந்தால், ஒரு எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் எழுதி, பள்ளிக்கூடம் போனவர்களுக்குச் சமமான 'ஃபாக்பிரேவ்' பெறலாம். நான் 2009 இல் எடுத்தேன். இதைக் கேட்கிறவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள். கை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற வேலைக்குப் பெயர் வைப்பது போலத்தான் இருக்கும்.

தாதியப் படிப்பு வேறு. அது பல்கலைக்கழகம். உயர்தரப் பள்ளி முடிக்காதவர்களுக்கு '23/5' என்று ஒரு விதி. 23 வயது தாண்டி, ஐந்து வருடம் வேலை செய்திருந்தால், ஆறு பாடம் மட்டும் எழுதினால் போதும்: நோர்வேஜிய மொழி, ஆங்கிலம், கணிதம், இயற்கை விஞ்ஞானம், சமூகக் கல்வி, வரலாறு. 25 வயது தாண்டியவர்கள் வேலை அனுபவத்தையே தகுதியாகக் காட்டி விண்ணப்பிக்க இன்னொரு வழியும் 2001 முதல் இருக்கிறது. ஆனால் நான் சேர்ந்த 2019 இல்தான் தாதியப் படிப்புக்குப் புதுக் கட்டுப்பாடு வந்தது. கணிதத்திலும் நோர்வேஜிய மொழியிலும், உச்சப் புள்ளி ஆறு என்றால், குறைந்தது மூன்றாவது வேண்டும் என்றார்கள். கணிதத்தில் எனக்கு மூன்று. அதற்கு மேல் ஒரு நூல் கூட இல்லை.

ஆறு பாடத்தையும் இரண்டு வருடத்தில், 2017 இல் இருந்து, தனிப் பரீட்சார்த்தியாக எழுதினேன். என் ரீச்சர் யார் தெரியுமோ? நான் காலையில் காலுறை போட்டுவிடுகிற ஒரு கிழவி. (தொழில் இரகசியம் என்று ஒன்று இருப்பதால் சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) வயது 83. ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். உடம்பு ஒத்துழைக்காது, மூளை கத்தி மாதிரி. நான் வரலாற்றுப் புத்தகத்தை இடைவேளைக்கு வாசிக்கக் கொண்டுபோனதைக் கண்டுவிட்டு, "இங்கே கொண்டு வா" என்றார். அன்றிலிருந்து பின்னேர வேலை முடிந்ததும் அரை மணித்தியாலம் அவர் அறையில் பாடம். வரலாறு மட்டுமில்லை, வசனமும். நோர்வேஜியனில் வினைச்சொல் வசனத்தில் இரண்டாவதாக வர வேண்டும். தமிழில் கடைசியில் வந்து கதவைச் சாத்துகிற சொல் அது. 27 வருடம் இங்கே இருந்தும் அவசரத்தில் நான் அதைத் தள்ளித் தள்ளி வைப்பேன். பிழைவிடும் ஒவ்வொரு முறையும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார்.

வரலாறு வாய்மொழிப் பரீட்சை. உலகப் போர்ப் பகுதிக்கு வந்தபோது அவர் புத்தகத்தை மூடச் சொன்னார். 1944 ஒக்டோபர் 28 இல் ஹிட்லரின் கட்டளை வந்தது. ரஷ்யப் படை வருகிறது, ஃபின்மார்க்கில், அதாவது எங்கட இந்த வடகோடி மாகாணத்தில், ஆட்களையும் விடாதே, வீட்டையும் விடாதே. ஜேர்மன் படை பின்வாங்கும்போது வீடு, பள்ளிக்கூடம், படகுத்துறை, தந்திக் கம்பம் வரைக்கும் எரித்தது. சுமார் 50,000 பேரைத் தெற்கே ஏற்றி அனுப்பியது. அவருக்கு அப்போது பத்து வயது. மேற்கு ஃபின்மார்க்கில் அவர்கள் வீட்டு ஆட்டை அப்பா சுட்டுவிட்டுப் படகில் ஏறியதைச் சொன்னார். கதவைப் பூட்டித் திறப்பை அம்மா சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாராம். "எரியப்போகிற வீட்டுக்கு எதற்குத் திறப்பு என்று நான் கேட்டேன், அடி விழுந்தது," என்றார்.

1995 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது என் அம்மாவும் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொண்டுதான் போனா. நான் அதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆண்டைச் சொன்னாய், காரணத்தைச் சொல்லவில்லை. பரீட்சையில் காரணம்தான் கேட்பார்கள்," என்றார். ஆசிரியை ஆசிரியைதான்.

பரீட்சை டிசம்பரில். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதி தாண்டித்தான் எங்களுக்கு முகம் காட்டும். மலைப்பாதையில் காற்று என்றால் பாதையை மூடிவிட்டு, பனி தள்ளுகிற வாகனத்துக்குப் பின்னால் வரிசையாக விடுவார்கள். அதற்குப் பெயர் கொலோன. நான் முதல் நாளே போய்த் தங்கினேன். ஐந்து கிடைத்தது. திரும்பி வந்து சொன்னபோது, "ஏன் ஆறு இல்லை?" என்று கேட்டார்.

இப்போது பல்கலைக்கழகம். துரொம்சோவில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று பாராளுமன்றம் முடிவெடுத்தது 1968 இல், திறந்தது 1972 இல். வடக்கில் டொக்டர் இல்லை, தெற்கில் படித்தவர் வடக்குக்கு வர மாட்டார், வடக்கில் படிப்பித்தால் வடக்கில் நிற்பார்கள் என்பது கணக்கு. அந்தக் கணக்கையே இன்னும் கொஞ்சம் வடக்கே தள்ளினால் வருவதுதான் பரவலாக்கிய தாதியப் படிப்பு. மூன்று வருடப் படிப்பை நாலு வருடமாக இழுத்து, வீட்டில் இருந்தபடி படிக்கவிட்டு, இடையிடையே சில நாள்களுக்கு மட்டும் ஒன்றுகூட அழைப்பார்கள். ஃபின்மார்க் டென்மார்க்கை விடப் பெரியது, சனம் 75,000 அளவில்தான். இப்படி ஒரு படிப்பு இல்லாவிட்டால் நான் இன்றைக்கும் உதவியாளர்தான். அதை நன்றியோடு சொல்கிறேன், கீழே முறைப்பாடு வரும் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

முதல் பெரிய பரீட்சை உடற்கூற்றியல். நாடு முழுவதும் தாதிய மாணவர்களுக்கு ஒரே கேள்வித்தாள். இதயப் பாடத்தைத் திறந்தபோது ஒரு விசயம் நடந்தது. இதயத்தின் மேலறையான சோணையறைக்கு இங்கே 'ஃபோர்க்காம்மர்' என்கிறார்கள், முன்னறை என்று அர்த்தம். அந்தச் சொல்லை வாசித்ததும் என் வாய் தானாக 'சோணையறை, இதயவறை, முக்கூர் வால்வு, இருகூர் வால்வு' என்று ஓதத் தொடங்கியது. 32 வருடம் அந்தச் சொற்களை நான் ஒருமுறை கூட நினைத்ததில்லை. உயிரியல் ரீச்சர் கரும்பலகையில் சிவப்பு, நீலச் சோக்கால் கீறிய இதயம் அப்படியே வந்து நின்றது. ஓட்ஸ் கஞ்சி அடிப்பிடித்ததே தெரியவில்லை. அந்தப் பாடத்தை நான் முதலில் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நோர்வேஜியனில் எழுதினேன். இரத்தம் இரண்டு மொழியிலும் ஒரே திசையில்தான் ஓடுகிறது.

மருந்துக் கணக்குப் பரீட்சைதான் என்னை அழ வைத்தது. அதில் சித்தி என்றால் நூற்றுக்கு நூறு, ஒரு கணக்குப் பிழைத்தாலும் தோல்வி. முதல் தடவை மைக்ரோகிராமை மில்லிகிராமாக மாற்றுகிற இடத்தில் ஒரு சைபரை விட்டுவிட்டேன். மனுசன் சொன்னார், "இந்த வயசில உமக்கென்ன விசரே? விட்டிட்டுச் சும்மா இரும்." அன்றிரவு கோபத்தில் இருபது கணக்குச் செய்தேன். இரண்டாம் தடவை சரி. அந்த விதி கடுமையானது என்று இளம் மாணவர்கள் முறைப்பட்டார்கள். எனக்கு அதில் முறைப்பாடு இல்லை. ஒரு சைபர் என்றால் என்ன என்று வார்டில் நிற்கிறவளுக்குத் தெரியும்.

என் முறைப்பாடு வேறு. படிப்புக்குக் கட்டணம் இல்லை, உண்மை. ஆனால் பட்டத்துக்கு வேண்டிய 180 படிப்புப் புள்ளியில் 90 புள்ளி செய்முறைப் பயிற்சி. வைத்தியசாலையில் எட்டு வாரம், வீட்டுத் தாதியத்தில் எட்டு வாரம் என்று போகும், சம்பளம் கிடையாது. கல்விக் கடன் வாங்கலாம், ஆனால் வயது ஏற ஏற அந்த உரிமை சுருங்கும், திருப்பிக் கட்ட வருடம் போதாதே. வேலைச் சட்டத்தில் கல்வி விடுப்பு உண்டு. மூன்று வருடம் வேலை உலகில் இருந்து, கடைசி இரண்டு வருடம் ஒரே முதலாளியிடம் வேலை செய்தவர் மூன்று வருடம் வரை விடுப்புக் கேட்கலாம். அதுவும் சம்பளமில்லாமல். அந்தச் சட்டத்துக்கு ஒரு வால் இருக்கிறது: வேலையிடத்தின் திட்டமிடலுக்கு இடைஞ்சல் என்றால் மறுக்கலாம். இரண்டாயிரம் பேர் உள்ள ஊரில் அந்த வால் எப்போதும் உண்மை. நான் விடுப்புக் கேட்டுப் போனபோது அன்றைய பொறுப்பாளர் நல்ல மனுசி, கோப்பி ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்: "உன்னைப் போல ஆள் படிக்க வேண்டும். ஆனால் நீ போனால் உன் இடத்துக்கு யார்?"

பஸ் இல்லாத நேரத்தில் நடந்து வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. தாதி இல்லை, அதனால் நீ படி என்கிறார்கள். ஆள் இல்லை, அதனால் நீ போகாதே என்கிறார்கள். ஒரே பற்றாக்குறைதான் என்னை ஒரு கையால் தள்ளிவிட்டு மற்றக் கையால் பிடித்து இழுக்கிறது. வாழ்நாள் கல்வி பற்றி வருகிற அறிக்கைகளில் பாடத்திட்டம் இருக்கும், இணையவழி இருக்கும், நெகிழ்வு என்ற சொல் பத்து இடத்தில் இருக்கும். நீ படிக்கும்போது அந்தக் கிழவருக்குக் காலுறை போடுவது யார் என்ற வரி மட்டும் இருக்காது.

என் விசயத்தில் அதற்கு விடை, ஒரு எரித்திரியப் பெண்ணும் ஒரு தாய்லாந்து அக்காவும். நான் 40 வீத இரவு வேலையை வைத்துக்கொண்டேன். மூன்று கிழமைக்கு ஒரு வார இறுதி கட்டாயம். ஒன்றுகூடல் வருகிற நாள்களில் அவர்கள் இரண்டு பேரும் தங்கள் வேலை நேரத்தை என்னோடு மாற்றினார்கள். நாலு வருடம். கொரோனா வந்து எல்லாம் சூமுக்குப் போனபோது எனக்குச் சுகமானது என்று சொல்ல வெட்கம், ஆனால் உண்மை.

கிழவி 2021 இல் பக்கவாதம் வந்து பேச்சிழந்தார். நான் அப்போது வைத்தியசாலைப் பயிற்சியில். திரும்பி வந்து, பேச்சிழந்தவரோடு எப்படிக் கதைப்பது என்று படித்ததையெல்லாம் அவரிடமே பரிசோதித்தேன். படம் காட்டினேன், ஆம் இல்லை என்று கண் சிமிட்டச் சொன்னேன். ஒரு நாள் அவசரத்தில் வசனத்தைத் தலைகீழாகச் சொல்லிவிட்டேன் போல. போர்வைக்கு மேலே இடது கையில் இரண்டு விரல் எழும்பியது.

அடுத்த வருடம் இறந்துபோனார். இந்த நாட்டில் 2030களில் 20 வயதுக்குக் குறைந்தவர்களை விட 65 தாண்டியவர்கள் கூடிவிடுவார்கள் என்று புள்ளிவிபரத் திணைக்களம் சொல்கிறது. 2023 தொடக்கத்தில், நான் கடைசித் தவணையில் இருந்தபோது, சுகாதார ஆளணி பற்றிய ஆணைக்குழுவின் அறிக்கை வந்தது. முதியவர் பெருகுகிற வேகத்துக்கு ஆள் பெருக்க முடியாது, இருக்கிறவர்களை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும் என்பதுதான் சாரம். அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த அட்டவணைகளில் கிழவி செலவுப் பக்கத்தில் இருக்கிறார், நான் வரவுப் பக்கத்தில். அவர் அறையில் எனக்கு நடந்த பாடம் எந்தப் பக்கத்திலும் பதியப்படவில்லை.

பட்டம் கிடைத்தபோது எனக்கு 55. மகள் கேட்டாள், "அம்மா, இனி எத்தனை வருசம் வேலை செய்வீங்கள்? அதுக்கு நாலு வருசம் படிச்சீங்களே?" கணக்காளர் பிள்ளை. நான் சொன்னேன், குறைந்தது பத்து. கூடவும் ஆகலாம். 1964 இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு ஓய்வூதிய வயதை மெல்ல மெல்ல ஏற்றுவதற்குக் கட்சிகள் 2024 இல் உடன்பட்டிருக்கின்றன. நான் 1968. என் படிப்பின் பெறுமதி அதனால் சில மாதம் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஃபின்மார்க்கில் வேலை செய்கிறவர்களுக்கு 1990 முதல் கல்விக் கடனில் வருடாவருடம் ஒரு பகுதி தள்ளுபடி உண்டு. நான் முடித்த நேரம் அது பத்து வீதம், ஒரு உச்ச வரம்போடு. இளம் ஆட்களை இங்கே இருக்க வைக்கப் போட்ட திட்டம். 33 வருடமாக இங்கேயே இருக்கிற எனக்கும் கிடைத்தது. சலுகை என்று வந்தால் நான் வயது பார்க்க மாட்டேன்.

போன மாதம் எரித்திரியப் பெண் வந்து ஆறு பாடக் கொப்பிகளையும் கொண்டுபோனாள். கணிதக் கொப்பியைத் தரும்போது, இதைப் படித்தால் மூன்றுதான் வரும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவள் ஒன்றுகூடலுக்குப் போகும்போது வேலை மாற்றுவது என் முறை. நாள்காட்டியில் குறித்தாயிற்று.

மனுசனுக்கு 63. தொழிற்சாலையில் பாதி வேலை, பாதி ஓய்வூதியம். அவர் வயதுக்காரர்கள் 62 இல் இருந்து அப்படி எடுக்கலாம். பின்னேரங்களில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நேற்றுச் சாப்பிடும்போது ஒரு மடித்த தாளை என் பக்கம் தள்ளினார். மூத்தவர்களுக்கு ஒரு கிழமைக் குறுங்கால நெசவு வகுப்பு, விடுதிச் சாப்பாட்டோடு. ஒரு மக்கள் உயர்பள்ளிதான்.

"துவாய் அரைவாசியில நிண்டது," என்றார்.

"போங்கோவன்."

"பரீட்சை இல்லைத்தானே?"

தாளின் பின்பக்கம் வரைக்கும் திருப்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன்.